நோஹப்பில் ஓடிய ஜாங்கோ ஆப், சிஸ்டம்டிக்கு மாற்றியதும் உடனே நின்றுவிடுகிறது

கேள்வி

வணக்கம். உபுண்டு சர்வர், 1 கோர், 1 ஜிபி ராம். ஜாங்கோ ஆப்பை ஜியூனிகார்னில் (பைத்தான் வெப் ஆப்பை ஓட்டும் சர்வர்) 5 வொர்க்கரோடு (ரிக்வெஸ்ட்டைக் கவனிக்கும் ப்ராசஸ்) 8000 போர்ட்டில் ஓட்டுகிறோம், முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர். இதுவரை எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து நோஹப் (லாக்அவுட் ஆன பிறகும் ஓட வைக்கும் கட்டளை) போட்டு, கடைசியில் & வைத்து விட்டுவிடுவோம். ரீபூட் ஆனால் ஆப் தானாக எழாது. புதிய கோடு போட்டு மறுபடி ஓட்டினால் 'கனெக்‌ஷன் இன் யூஸ்' என்கிறது. நடுநடுவே என்ஜின்எக்ஸில் 502 பிழை (ஆப்பிடமிருந்து சரியான பதில் வரவில்லை) வேறு. அந்த நேரத்து லாகில் 'வொர்க்கர் வாஸ் சென்ட் சிக்கில்! பெர்ஹாப்ஸ் அவுட் ஆஃப் மெமரி?' என்று இருக்கிறது (சிக்கில் என்பது ப்ராசஸை உடனே கொல்லும் சிக்னல்).

அதே கட்டளையை --டீமன் சேர்த்து சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பிக் கண்காணிப்பது) யூனிட்டில் (சர்வீஸின் அமைப்புக் கோப்பு) கொடுத்தேன். ஸ்டேட்டஸில் 'இன்ஆக்டிவ், டெட்', எக்ஸிட் கோட் 0. பிழையே காட்டவில்லை. எங்கே தப்பு?

பதில் 1

--டீமன்தான் காரணம், அதை எடுத்துவிடுங்கள். அது இருந்தால் ஜியூனிகார்ன் தன் நகலைப் பின்னணிக்கு அனுப்பிவிட்டு, முதல் ப்ராசஸை 0 கொடுத்து முடித்துக்கொள்ளும். சிஸ்டம்டி கண்காணிப்பது அந்த முதல் ப்ராசஸை. அது முடிந்ததும் 'வேலை முடிந்தது' என்று எண்ணி, அதே சிகுரூப்பில் (ஒரு சர்வீஸின் ப்ராசஸ்கள் எல்லாம் அடங்கிய தொகுப்பு) மிச்சமிருக்கும் எல்லாவற்றையும் கொன்றுவிடும். 0 என்பது வெற்றி என்பதால் ரீஸ்டார்ட்=ஆன்-ஃபெயிலியரும் (தோல்வியில் மட்டும் மறுபடி எழுப்பும் அமைப்பு) உதவாது. பின்னணியில் வைத்திருப்பது சிஸ்டம்டியின் வேலை. ஆப் முன்னணியிலேயே ஓடட்டும்.

யூனிட்டின் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் (ஓட்ட வேண்டிய கட்டளை) வெர்ச்சுவல் என்வ் (ஆப்புக்கான தனி பைத்தான் ஃபோல்டர்) உள்ளே இருக்கும் ஜியூனிகார்னின் முழுப் பாதையைக் கொடுங்கள். அங்கே ஷெல் கிடையாது, ஆகவே ~, &, > எதுவும் வேலை செய்யாது. பாஷ்ஆர்சியும் (ஷெல்லின் அமைப்புக் கோப்பு) படிக்கப்படாது. என்விரான்மென்ட் மாறிகளை என்விரான்மென்ட்ஃபைலில் குறிப்பிடும் கோப்பில் வையுங்கள், வரியின் முன்னால் எக்ஸ்போர்ட் போடாமல். யூசர், ஒர்க்கிங்டைரக்டரி இரண்டும் கட்டாயம் எழுதுங்கள்.

ரீஸ்டார்ட்செக்=3 (மறுபடி எழுப்பும் முன் காத்திருக்கும் நொடிகள்) என்றும் வையுங்கள். இயல்பு 100 மில்லிசெகண்ட்தான். டேட்டாபேஸ் எழச் சற்றுத் தாமதமானாலும் 10 நொடிக்குள் 5 முறை முயன்று, 'ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிப்பீட்டட் டூ குவிக்லி' என்று சிஸ்டம்டி கைவிட்டுவிடும்.

யூனிட்டைத் திருத்தினால் சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட். பிறகு எனேபிள் --நவ். வெறும் எனேபிள் அடுத்த பூட்டுக்கு மட்டும்தான். எனேபிள் --நவ் கொடுக்கும் முன் பழைய நோஹப் ப்ராசஸை நிறுத்துங்கள். 8000-ஐப் பிடித்திருப்பது யார் என்று எஸ்எஸ் -எல்டிஎன்பி காட்டும். மாஸ்டருக்கு (வொர்க்கர்களை நடத்தும் முதன்மை ப்ராசஸ்) டெர்ம் சிக்னல் போதும், -9 (சிக்கில்) வேண்டாம்.

பதில் 2

502 தனிப் பிரச்சினை, சிஸ்டம்டி வந்ததும் போய்விடாது. அந்த 'அவுட் ஆஃப் மெமரி' வரியை அப்படியே நம்பவும் வேண்டாம். அதற்கு நேர் மேலே 'வொர்க்கர் டைம்அவுட்' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஒரு ரிக்வெஸ்ட் 30 நொடியைத் தாண்டியதால் ஜியூனிகார்னே கொன்றது. மெதுவான வ்யூவைத் (ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் தரும் ஜாங்கோ கோடு) தேடுங்கள். இல்லையென்றால் ஜர்னல்சிடிஎல் -கே கொடுத்து, கெர்னல் கொன்றதாகப் பதிவு இருக்கிறதா பாருங்கள்.

1 கோருக்கு 5 வொர்க்கர் அதிகம். கோர் எண்ணிக்கையை இரட்டித்து ஒன்று கூட்டுவது வழக்கம், உங்களுக்கு 3. ராம் போதாவிட்டால் 2.

ஒன்று கவனியுங்கள்: ஓஓஎம்பாலிசி (மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றால் என்ன செய்வது என்ற சிஸ்டம்டி அமைப்பு) இயல்பாக 'ஸ்டாப்'. கெர்னல் ஒரே ஒரு வொர்க்கரைக் கொன்றாலும் சிஸ்டம்டி முழு சர்வீஸையும் நிறுத்தும். 'கன்டினியூ' என்று மாற்றினால் மாஸ்டர் புது வொர்க்கரை எழுப்பிக்கொள்ளும்.

கேட்டவர்

நன்றி. --டீமனை எடுத்துவிட்டேன். இப்போது 203/எக்ஸெக் (கட்டளையை ஓட்ட முடியவில்லை) வருகிறது. கோப்பு அதே இடத்தில்தான் இருக்கிறது, எல்எஸ் காட்டுகிறது.

பதில் 1

வெர்ச்சுவல் என்வ் ஃபோல்டரை இடம் மாற்றினீர்களா, பெயர் மாற்றினீர்களா? ஜியூனிகார்ன் கோப்பின் முதல் வரியை ஹெட் -1 போட்டுப் பாருங்கள். அங்கே #! அடுத்து பைத்தானின் பழைய முழுப் பாதை பதிந்திருக்கும். அந்தப் பைத்தான் இப்போது அங்கே இல்லாததால்தான் கோப்பு கண்முன் இருந்தும் 'நோ சச் ஃபைல்' என்கிறது. புது இடத்தில் வெர்ச்சுவல் என்வை மறுபடி உருவாக்கி, ரிக்வயர்மென்ட்ஸை நிறுவுங்கள். முதல் வரி சரியாக இருந்தால், யூசரில் கொடுத்த பயனருக்கு அந்தப் பாதையின் ஒவ்வொரு ஃபோல்டரிலும் நுழைய அனுமதி இருக்கிறதா என்று நேம்ஐ -எல் கொண்டு பாருங்கள்.