முதல் பட்டன் டயர்: கரிசலிலும் தேரியிலும் எங்கள் அனுபவம்

கோவில்பட்டியிலிருந்து:

தங்கச்சி மகன் ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 பைக் வாங்கிய கையோடு, "மாமா, இந்த டயர் போடலாமா?" என்று ஒரு படத்தை நீட்டினான். பட்டன் டயர்தான் அது: மண்ணைக் கவ்வும் உயரமான ரப்பர் பட்டன்கள், இடையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. "தார் ரோட்டில் எவ்வளவு ஓட்டுவே?" என்று கேட்டேன். தினமும் காலேஜுக்கு அந்த வண்டிதான், மண்ணில் இறங்குவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்றான். அப்படி ஓட்டுகிறவருக்கு முழு பட்டன் டயர் வேண்டவே வேண்டாம். தாரில் பட்டன்கள் வளைந்து வண்டி நெளியும். மழை ரோட்டில் பிரேக் பிடித்தால் வழுக்கும். பின் டயரின் நடுப் பட்டன்கள் சீக்கிரமே தேய்ந்துவிடும். பாதி தார், பாதி மண் என்று இருக்கும் டூயல் பர்பஸ் டயரே அவனுக்குப் போதும்.

அளவையும் பார்த்துக் கேளுங்கள். முதல் எண் டயரின் அகலம் மி.மீ.யில், அடுத்தது பக்கவாட்டு உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் ரிம்மின் அளவு அங்குலத்தில். எக்ஸ்பல்ஸுக்கு முன்னால் 90/90-21, பின்னால் 120/80-18. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411-க்கு முன்னால் இதே அளவுதான், பின்னாலோ 120/90-17. ஒன்றின் பின் டயரை மற்றதற்குப் போட வழியில்லை.

கரிசலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ந்து கிடக்கும்போது அது இறுகிய தரை. நெருக்கமான, உயரம் குறைந்த பட்டன்கள் அதில் அருமையாகப் பிடிக்கும். நாலு தூறல் விழுந்தால் எல்லாம் மாறிவிடும். மண் பட்டன்களுக்கு நடுவே அப்பிக்கொள்ளும், டயர் வழவழவென்று ஆகிவிடும். இடைவெளி அதிகமுள்ள டயர் கொஞ்சம் மண்ணை உதறித் தள்ளும், அவ்வளவுதான். மட்கார்டு தாழ்வாக இருந்தால் மண் அடைத்துச் சக்கரமே சுற்றாமல் நின்றுவிடும். ஈரக் கரிசலைச் சமாளிக்கும் டயரை நான் இதுவரை பார்க்கவில்லை. புதிதாக ஓட்டுகிறவர்கள் மழை விட்டதும் அதில் இறங்காதீர்கள்.

இரண்டு டயருக்கும் காசு இல்லையென்றால் முன் டயரை முதலில் மாற்றுங்கள் என்பேன். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் அடுத்த நொடி தரையில்தான் கிடப்போம்.

உடன்குடி பக்கத்திலிருந்து:

அண்ணாச்சி சொன்ன கரிசலுக்கும் எங்கள் தேரிக்கும் சம்பந்தமே கிடையாது. இங்கே கால் புதையும் செம்மணல். இதில் டயரை விடக் காற்றுதான் முக்கியம். மணலில் நான் 15 பிஎஸ்ஐ வரை இறக்குவேன். டயர் தட்டையாகித் தரையில் நீளமாகப் படியும், புதைவது குறையும். கல் பாதை என்றால் இவ்வளவு இறக்கக் கூடாது. கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பாம்பு கடித்ததுபோல இரட்டை ஓட்டை விழும்.

காற்று குறைவாக இருக்கும்போது ஆக்ஸிலேட்டர் முறுக்கினால் டயர் ரிம்மிலேயே நகரும், டியூபையும் இழுத்துக்கொண்டு போகும். வால்வு சாய்ந்து நிற்கிறதா என்று அடிக்கடி குனிந்து பாருங்கள். சாய்ந்திருந்தால் அடியோடு பிய்ந்துபோகும் நேரம் வந்துவிட்டது. வால்வு நட்டை ரிம்மோடு இறுக்காமல் மூடிப் பக்கம் தள்ளி வைத்தால் சாய்வது முன்கூட்டியே தெரியும். அடிக்கடி மணலில் ஓட்டுகிறவர்கள் ரிம் லாக் (டயர் ரிம்மில் நகராமல் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்) போட்டுக்கொள்வது நல்லது. தாரில் ஏறும் முன் காற்று அடிக்க ஒரு பம்பும் கையில் வேண்டும்.

அப்புறம் முள். சீமைக் கருவேல முள்ளுக்கு எந்த டயரும் பெரிதில்லை. தடிமனான டியூப் கல்லடியைத் தாங்கும், நீள முள்ளைத் தாங்காது. மாற்று டியூப், டயரை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்றும் டயர் லிவர், கொஞ்சம் சோப்புத் தண்ணீர் எல்லாம் பையில் இருக்கட்டும். பஞ்சர் கடை அண்ணாச்சி பக்கத்தில் நின்று, பின் சக்கரத்தை நீங்களே ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகுங்கள்.

பெங்களூரிலிருந்து:

நான் மோட்டோகிராஸ் வண்டியை, அதாவது மண் டிராக் பந்தயத்துக்கான பைக்கை, டிராக்கில் மட்டும் ஓட்டுகிறேன், அதனால் என் கதை வேறு. முன் டயர் 80/100-21. பின் டயர் 250 சிசி வண்டிக்கு பெரும்பாலும் 100/90-19, 450-க்கு 110/90-19. இந்த டயர்கள் ரோட்டுக்கானவை அல்ல, பக்கவாட்டிலேயே அப்படி அச்சிட்டிருக்கும்.

இவற்றைத் தரையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனியின் பேட்டில்கிராஸ் டயர்களில் எக்ஸ்20 இளகிய மண்ணுக்கு, எக்ஸ்30 நடுத்தரத்துக்கு, எக்ஸ்40 இறுகிய தரைக்கு. இளகிய மண்ணுக்கான டயரை இறுகிய டிராக்கில் ஓட்டிய ஒருவரின் வண்டியைப் பார்த்தேன். உயரமான பட்டன்கள் வளைந்து வளைந்து அடியில் கிழிந்து, சில உதிர்ந்தே போயிருந்தன. புதிதாக வருகிறவர்களுக்கு நடுத்தர வகையைத்தான் சொல்வேன். அது எந்த டிராக்கிலும் முழுதாகக் கைவிடாது, தரை மாறும்போது வண்டி எப்படி மாறுகிறது என்றும் புரியவைக்கும்.

வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2523 என்றால் 2023-இன் 25-ஆம் வாரத்தில் செய்தது. ரொம்ப நாள் கடையில் கிடந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும். சுற்றும் திசைக்கான அம்புக்குறி இருந்தால், மாட்டும் முன் அதையும் கடைக்காரரிடம் காட்டிவிடுங்கள்.