பொற்கோயிலுக்கு அடிக்கல் வைத்தது மியான் மீரா? ஆதாரம் எங்கே?

சுவடிச்சாமி:
பக்கத்துத் திரியில் நல்லிணக்கன் எழுதியது: "அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு அடிக்கல் நாட்டியவர் லாகூர் சூஃபி ஞானி மியான் மீர். வரலாற்று உண்மை, சந்தேகமே வேண்டாம்." சந்தேகமே வேண்டாமாம்! இதற்கு எல்லாரும் காட்டுகிற ஆதாரம் பூட்டே ஷா பாரசீகத்தில் எழுதிய பஞ்சாப் வரலாறு. அது 1848. அடிக்கல் விழுந்தது 1588. நடுவில் 260 வருஷம். சீக்கியரின் புனித நூலான ஆதி கிரந்தத்தை, ஐந்தாம் குரு அர்ஜன் சொல்லச் சொல்லக் கையால் எழுதிய பாய் குர்தாஸ், தம் வார் பாடல்களில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. மியான் மீரின் வாழ்க்கையை எழுதிய முகலாய இளவரசர் தாரா ஷிகோவும் சொல்லவில்லை. 1848-க்கு முன்னால் ஒரு வரி காட்டுங்கள்.

நல்லிணக்கன்:
வந்துட்டாரய்யா ஆதார ஆபீசர். கோயிலை நிர்வாகம் பண்ற சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியே மியான் மீர்னுதான் சொல்லுது. விக்கிரம ஆண்டு 1645, மாக மாதம் முதல் நாள்னு தேதியோட. வீட்டுக்காரனுக்குத் தெரியாதது எதிர்வீட்டுத் திண்ணைக்குத் தெரியுமோ? தாரா ஷிகோ எழுதினது ஞானியோட தவமும் அற்புதமும். கொத்தனார் கணக்கு இல்லை.

சுவடிச்சாமி:
கமிட்டி பிறந்தது 1920. 1588-க்கு அது சாட்சியா? சந்தோக் சிங் எழுதிய குருமார் வரலாறான சூரஜ் பிரகாஷ், 1843, குரு அர்ஜனே வைத்தார் என்கிறது. மெக்காலிஃப் 1909-ல் எழுதிய சீக்கிய வரலாற்றிலும் குருவேதான். அதிலும் கல் இல்லை, செங்கல். குரு வைத்த முதல் செங்கல்லைக் கொத்தனார் நகர்த்திவிட்டார், அதனால் அஸ்திவாரம் மறுபடி போட வேண்டிவரும் என்று குரு சொன்னதாகக் கதை. மியான் மீர் எங்கே?

நல்லிணக்கன்:
அப்படி வாங்க வழிக்கு. 1843! என் ஆளுக்கும் உங்க ஆளுக்கும் அஞ்சே வருஷம் வித்தியாசம். உங்க புத்தகமும் 255 வருஷம் கழிச்சுத்தான் வந்திருக்கு. 1843 வேதம், 1848 வதந்தியா? எந்த ஊர் நியாயம் சார் இது?

செங்கல்சூளை:
ஒரு நிமிஷம். "அடிக்கல்"னு ரெண்டு பேரும் எதைச் சொல்றீங்க? குளத்து நடுவுல வானம் தோண்டி வச்ச முதல் வரிசையா, இல்ல சடங்குக்கு வச்ச ஒரு கல்லா? 1762 ஏப்ரல்ல ஆப்கான் அரசன் அப்தாலி வெடிமருந்து வச்சுக் கோயிலைத் தகர்த்தான், குளத்தையும் தூர்த்தான். 1764-ல மறுபடியும் இடி. இப்ப நிக்கிறது அதுக்கப்புறம் எழுந்தது. புது அடிக்கல் வச்சது சீக்கியப் படைத்தலைவர் ஜஸ்ஸா சிங் அலுவாலியா. பணம் திரட்ட பாய் தேஸ் ராஜ் கையில "குருவின் முத்திரை" கொடுத்தாங்க. கோயிலும் பாலமும் பாலத்து முகப்பு வாசலான தர்ஷனி டியோடியும் முடிய 1776, குளத்தைச் சுத்தித் தளம் போட 1784. பளிங்கும் பொன்முலாமும் ரஞ்சித் சிங் காலம். முதல்ல எந்தக் கல்லைப் பத்திப் பேசறோம்னு சொல்லுங்க.

சுவடிச்சாமி:
செங்கல்சூளை, கட்டட வகுப்பு அப்புறம். கேள்வி 1848.

ராயபுரம் ராசா:
பொற்கோயில்னா நம்ம வேலூர் ஸ்ரீபுரம் இல்லையா அண்ணே?

சுவடிச்சாமி:
ஸ்ரீபுரம் 2007. அமிர்தசரஸ் பொற்கோயிலான ஹர்மந்திர் சாகிப்பில் 1604-லேயே ஆதி கிரந்தம் வைக்கப்பட்டு, பாபா புத்தா அதை ஓதும் முதல் கிரந்தி ஆகிவிட்டார். கிண்டலுக்கும் ஒரு அளவு உண்டு.

பரிக்கிரமா:
இடத்தைப் பார்த்தாலே பதில் இருக்கே. மத்த கோயிலுக்குப் படி ஏறணும், இங்கே படி இறங்கணும். நாலு திசையிலும் வாசல். "க்ஷத்திரியர், பிராமணர், சூத்திரர், வைசியர், நால் வர்ணத்துக்கும் உபதேசம் பொது"ன்னு குரு அர்ஜனே பாடினது கிரந்தத்துல 747-ஆம் பக்கம். அப்படிப்பட்டவர் ஒரு சூஃபியைக் கூப்பிட்டிருப்பார்னு நம்பறதுல என்ன தப்பு?

சுவடிச்சாமி:
நம்பலாம், தாராளமாக. "கூப்பிட்டிருப்பார்" வேறு, "கூப்பிட்டார்" வேறு. நாலு வாசல் பாடமும் எல்லாரும் ஒப்பிப்பது. வாசல் நாலு, பாலம் ஒன்று. மேற்கே தர்ஷனி டியோடி வழியாகத்தான் எல்லாரும் உள்ளே போக வேண்டும். கிழக்கு வாசலில் இறங்கினால் ஹர் கி பௌடி என்ற படித்துறை, நேரே தண்ணீர். 1848-க்கு முன்னால் ஒரு வரி?

நல்லிணக்கன்:
கிளிப்பிள்ளை. போன மாசம் நாந்தேட் திரியில, சீக்கியரோட தலைமைப் பீடமான தக்து ஆதியிலிருந்தே ஐந்துன்னு அடிச்சுப் பேசினது யாரு? தம்தமா சாகிப்பைக் கமிட்டி ஐந்தாவது தக்தா ஏத்துக்கிட்டது 1966-ல. அப்ப எங்கே போச்சு உங்க ஆதாரப் பசி?

சுவடிச்சாமி:
அது எழுத்துப் பிழை.

நல்லிணக்கன்:
ஒரு பத்தி முழுக்க எழுத்துப் பிழையா!

ராயபுரம் ராசா:
ரெண்டு பேரும் ஆளுக்கொரு கை அந்தக் கோதுமை ரவை அல்வா சாப்பிட்டுட்டு வாங்க, சூடு தணியும்.

பரிக்கிரமா:
அல்வா இல்லை, குருத்வாராவுல தர்ற கடா பிரசாதம். ரவையும் இல்லை, முழுக்கோதுமை மாவு. மாவு, நெய், சர்க்கரை மூணும் சம எடை, அதனாலதான் திரிபாவலின்னு பேர். மாவு 1 கிலோன்னா நெய் 1, சர்க்கரை 1, தண்ணி 2 லிட்டர். சர்க்கரையைத் தண்ணியில முழுசாக் கரைச்சு ஒரு அடுப்புல கொதிக்க விடணும். இன்னொரு அடுப்புல இரும்புக் கடாயில நெய் உருகினதும் மாவைப் போட்டு, மட்டான தீயில, மணம் வந்து செம்பழுப்பு ஆகுற வரைக்கும் கை விடாம வறுக்கணும். அப்புறம் கொதிக்கிற பாகைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும், சீறும், கையை எட்ட வச்சுக்கணும். ஆறின பாகை ஊத்தினா கட்டி தட்டும். அவசரமா வறுத்தா பச்சை மாவு வாடை போகாது. தீ கூடினா அடியில கருகி மொத்தமும் கசக்கும். நெய் ஓரத்துல பிரிஞ்சு வந்தா பதம். அர்தாஸ்ங்கற பிரார்த்தனை முடிஞ்சு கிர்பான் கத்தியால தொட்ட பிறகு, ஐந்து அன்பர்களுக்குப் பங்கு எடுத்துட்டுத்தான் மத்தவங்களுக்கு.

செங்கல்சூளை:
2 லிட்டர் பத்தாது. முழுக்கோதுமை மாவு 3 லிட்டர் குடிக்கும். 2-ல நிறுத்தினா ஆறினதும் கெட்டியாகி நெய் மேல மிதக்கும்.

பரிக்கிரமா:
3 ஊத்தினா அது கூழ்.

செங்கல்சூளை:
மாவு எவ்வளவு நைசா இருக்குங்கறதைப் பொறுத்தது. கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலை, கூழ்ங்கறதுக்கு மட்டும் வந்துடறாங்க.

நல்லிணக்கன்:
தேதிக்கு வாங்க. மாக 1-ன்னா நம்ம தை 1. கமிட்டி 1588 டிசம்பர்னு போடுது. பொங்கல் டிசம்பர்ல வருமான்னு சுவடிச்சாமி இன்னும் குதிக்கலையே?

சுவடிச்சாமி:
அது சரிதான், குதிக்க ஒன்றுமில்லை. அன்றைய ஜூலியன் நாட்காட்டியில் மகர சங்கராந்தி டிசம்பர் கடைசியில்தான் விழும். அதை 1589 ஜனவரி என்று எழுதுபவர்கள் இன்றைய கணக்கில் மாற்றுகிறார்கள். தேதி சரியாக இருப்பதால் ஆளும் சரி என்று ஆகிவிடாது.

நல்லிணக்கன்:
ஆக, கமிட்டி தேதி சரி, கமிட்டி சொல்ற ஆள் மட்டும் தப்பு. வசதி!

செங்கல்சூளை:
அடிக்கல்னா எதுன்னு இன்னும்...

சுவடிச்சாமி:
செங்கல்சூளை, குறுக்கே வராதீர்கள். நல்லிணக்கன், மியான் மீர் இறந்தது 1635. அதற்குப் பின் 213 வருஷம் போய்த்தான் 1848. அந்த 213-க்குள் ஒரே ஒரு வரி.

நல்லிணக்கன்:
நீங்க முதல்ல தம்தமா சாகிப்புக்கு ஒரு வரி எழுதுங்க.

பரிக்கிரமா:
2 லிட்டர்தான்.