ஆக்லாந்து நார்த் ஷோர்ல வீடு பாக்கற வேலூர்க்காரங்களுக்கு

நம்ம வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை புள்ளைங்க நிறைய பேரு வேலை கெடைச்சு நியூசிலாந்துக்கு வர்றீங்க, வந்ததும் நார்த் ஷோர்ல கடல் தெரியற மாதிரி வீடு வேணும்னு கேக்கறீங்க. கடலை அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல பாலத்தையும் வெயிலையும் பாருங்க.

நார்த் ஷோர் 2010 வரைக்கும் தனி சிட்டி, அப்புறம்தான் ஆக்லாந்தோட சேத்தாங்க. நடுவுல கடல், 1959-ல திறந்த ஹார்பர் பிரிட்ஜ்தான் ஆக்லாந்து சிட்டி சென்டருக்கு நேர் வழி. ட்ரெயின் கெடையாது, பாலத்துல நடந்தும் போக முடியாது, காத்து பலமா அடிச்சா லேனை மூடிடுவாங்க. காட்பாடிலருந்து டவுனுக்கு பாலாத்துப் பாலத்தை நம்பி கெடக்கறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். அதனால சிட்டியில வேலைன்னா ஆல்பனி, கான்ஸ்டலேஷன், ஸ்மேல்ஸ் ஃபார்ம் மாதிரி பஸ்வே ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல பாருங்க, பஸ்ஸுக்குன்னே தனி ரோடு. டெவன்போர்ட் பக்கம்னா ஃபெர்ரி இருக்கு.

அடுத்தது வெயில். இங்க சூரியன் வடக்குப் பக்கமா சாஞ்சு போகுது, அதனால ஹால் வடக்கு பாத்து இருக்கணும். நம்ம ஊரு வெயில்ல வளந்தவங்களுக்கு ஈரம்னா என்னான்னே தெரியாது, ஜூன் ஜூலைல, இங்க அதுதான் குளிர்காலம், வெயில் படாத ரூம்ல துணி காயவே காயாது, பீரோவை நகத்தி பாத்தா செவுத்துல கருப்பா பூஞ்சை புடிச்சிருக்கும், குழந்தைங்களுக்கு இருமல் விடாது. வீடு பாக்கும்போது வெக்கப்படாம அலமாரிய தொறந்து மோந்து பாருங்க. வாடகை வீடுன்னா ஹாலை 18 டிகிரிக்கு சூடாக்கற ஹீட்டர் வெக்கறது ஓனர் பொறுப்பு, சட்டத்துலயே இருக்கு. 2023 ஜனவரி வெள்ளத்துல நார்த் ஷோர்லயே வைராவ் வேலி பக்கம் ரொம்ப அடிபட்டுச்சு, அதனால எங்க வெள்ளம் வரும்னு காட்டற கவுன்சிலோட ஃப்ளட் வியூவர் மேப்ல அட்ரஸ் போட்டு பாக்காம கையெழுத்து போடாதீங்க.

கடற்கரை நெஜமாவே அருமைங்க. டாக்கப்புனால நின்னா எதிர்ல ரங்கிடோட்டோ எரிமலைத் தீவு, கொஞ்சம் நடந்தா எரிமலை வாய்ல தேங்கின புப்புக்கே ஏரி, கடலுக்கு அவ்ளோ கிட்ட இருந்தும் நல்ல தண்ணி. பெரிய மழை பேஞ்சா மட்டும் கடல் தண்ணி சுத்தமா இருக்கான்னு சொல்ற சேஃப்ஸ்விம் வெப்சைட்டை பாத்துட்டு எறங்குங்க, சாக்கடை கலந்திருக்கும்.

மளிகைக்கு சாண்ட்ரிங்ஹாம் பக்கம் போங்க, நம்ம கடைங்க அங்கதான் அதிகம், பாலம் தாண்டணும்ங்கறதால ஞாயித்துக்கிழமை காலைலயே கிளம்பிடுங்க.