நாயின் நகக்கண் சிவந்து வீங்கியிருக்கிறது, வீட்டில் என்ன செய்யலாம்?

கேள்வி (வேளச்சேரி):
எங்கள் நாட்டு நாய்க்கு நான்கு வயது. தெருவில் மழைத்தண்ணீர் தேங்கியதில் இருந்து முன்காலை ஓயாமல் நக்குகிறான். விரலைப் பிரித்துப் பார்த்தால் ஒரு நகத்தின் அடியில் மட்டும் தோல் சிவந்து உப்பியிருக்கிறது. சுற்றியுள்ள முடி எச்சில் பட்டே பழுப்பாகிவிட்டது. தொட்டால் காலை இழுத்துக்கொள்கிறான். சாப்பாடெல்லாம் வழக்கம்போல்தான். மஞ்சள் பத்து போடலாமா? டெட்டாலில் கழுவலாமா? பார்க்கவே பாவமாக இருக்கிறது.

பதில் (பெரம்பூர்):
இரண்டும் வேண்டாம். பத்து காய்ந்து அடையாக ஒட்டி ஈரத்தை உள்ளேயே வைத்துவிடும். டெட்டால் புண்ணில் எரியும், நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும். மருந்துக்கடையில் போவிடோன் அயோடின் கரைசல் கேளுங்கள். சோப்பு கலந்த ஸ்க்ரப் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் வெளிர் கட்டஞ்சாயா (பால் விடாத டீ) நிறம் வரும் அளவுக்கு மட்டும் விட்டு, காலையும் மாலையும் 5 நிமிடம் பாதத்தை நனைய விடுங்கள். அப்புறம் விரல் இடுக்குகளைப் பழைய பருத்தித் துணியால் நன்றாக ஒற்றி எடுங்கள். பலர் கோட்டைவிடுவது இதில்தான். ஈரம் நின்றால் கழுவியும் பயனில்லை. நக்காமல் இருக்கக் கழுத்தில் கோன் (கூம்பு வடிவக் கழுத்துப்பட்டை) மாட்டுங்கள். சாக்ஸ் வெளியே போகும்போது மட்டும் போதும், நாய்க்குப் பாதத்தில் வியர்க்கும்.

பதில் (பல்லாவரம்):
இடுக்கில் உண்ணி இருக்கிறதா, நகம் உடைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வலிக்கிறதே என்று நம் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். இபுபுரூஃபன் நாய்க்குக் குடலில் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கேள்வி கேட்டவர்:
உண்ணி இல்லை. நகம் நீளவாக்கில் பிளந்து ஆடுகிறது. அடியில் வெள்ளையாகக் கசிகிறது, வாடையும் வருகிறது. அந்த நகத்தை எடுத்துவிடலாமா?

பதில் (பெரம்பூர்):
வேண்டாம், கை வைக்காதீர்கள். நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன; டாக்டர் மரத்துப்போக வைத்துத்தான் எடுப்பார். சீழ் வந்துவிட்டதால் இனி வீட்டு வைத்தியம் மட்டும் போதாது. உள்ளே எலும்பு வரை பரவ வாய்ப்புண்டு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் காலையிலேயே கிளம்பிவிடுங்கள். மற்ற கால்களிலும் நகம் உடைகிறதென்றால் அதையும் சொல்லுங்கள். பல நகங்கள் கெட்டால் பூஞ்சையோ வேறு நோயோ இருக்கலாம், சோதனை செய்து பார்ப்பார்கள்.

கேள்வி கேட்டவர்:
சரிங்க, நாளைக் காலை போகிறோம். இன்று ராத்திரி அயோடின் தண்ணீரில் நனைக்கலாம்தானே?

பதில் (பெரம்பூர்):
தாராளமாக. சீழைப் பிதுக்க மட்டும் வேண்டாம். வலியில் கடிக்கக்கூடும், வீட்டில் இன்னொருவர் தலையைப் பிடித்துக்கொள்ளட்டும்.