சிங்கிள் எண்டட் வால்வு ஆம்ப்: இன்னும் உறுத்துகிற ஒரு நொடி இருந்தால் எழுதுங்கள்

சுடுகம்பி:
6வி6 என்ற ஒற்றைப் பவர் வால்வே (கண்ணாடிக் குழாய்) ஸ்பீக்கரை ஓட்டும் சிங்கிள் எண்டட் ஆம்ப். சர்க்யூட்டை விளக்க வேண்டியதில்லை, எல்லாரும் கட்டுவதுதான்: முன்னால் சிக்னலைப் பெருக்கும் ஈசிசி83 டிரைவர் வால்வு, இரண்டுக்கும் நடுவே டிசியைத் தடுத்துச் சிக்னலை மட்டும் விடும் 0.1 மைக்ரோஃபேரட் கப்ளிங் கெபாசிட்டர், 6வி6-இன் கிரிட்டில் (கரண்டைக் கட்டுப்படுத்தும் கம்பி வலை) 470 கே (கிலோ ஓம்) கிரிட் லீக் ரெசிஸ்டர், கேத்தோடில் (எலக்ட்ரானை உமிழும் முனை) 270 ஓம். பத்து நிமிஷம் நன்றாகப் பாடியது. அறை விளக்கை அணைத்தபோதுதான் கண்ணில் பட்டது. பிளேட்டின் (எலக்ட்ரானைப் பெறும் வெளித்தகடு) பக்கவாட்டில், தகடு மடிந்து சேரும் விளிம்பை ஒட்டி, நகத்தளவுக்கு ஒரு மங்கிய சிவப்பு. ஹீட்டரின் ஆரஞ்சு மேலும் கீழும் எட்டிப் பார்ப்பது வேறு. இது சாம்பல் நிறத் தகடே பழுப்பது.

கேத்தோடில் 14 வோல்ட் காட்ட வேண்டிய மீட்டர் 18 காட்டியது. 18-ஐ 270-ஆல் வகுத்தால் 67 மில்லி ஆம்ப். ஸ்கிரீன் என்ற இரண்டாவது கிரிட்டுக்கு 5 போக, பிளேட்டுக்கு மீதி 62. பிளேட்டில் 285 வோல்ட், அதில் கேத்தோடின் 18-ஐக் கழித்தால் 267. ஆக 16.5 வாட், பிளேட் 12 வாட்தான் தாங்கும் வால்வில்.

வால்வைக் கழற்றிவிட்டு சாக்கெட்டின் 5-ஆம் பின்னில் (கிரிட்) மீட்டரை வைத்தால் பிளஸ் 7 வோல்ட். அங்கே பூஜ்யம்தான் இருக்க வேண்டும். 7-ஐ 470 கே-யால் வகுத்தால் வெறும் 15 மைக்ரோ ஆம்ப். கப்ளிங் கெபாசிட்டர் கசிந்தது அவ்வளவுதான், கிரிட்டைப் பிளஸ்ஸாக்கி வால்வின் கரண்டை ஏற்ற அதுவே போதுமாக இருந்தது. 250 வோல்ட் ரேட்டிங் போட்டதுதான் தப்பு. ஏசியை டிசியாக்க டயோடு ரெக்டிஃபையர் என்றால், பவர் டிரான்ஸ்ஃபார்மரின் 250 வோல்ட் செகண்டரியிலிருந்து 353 வோல்ட் சுவிட்ச் போட்டவுடனே வந்து நிற்கும். டிரைவர் சூடாகிக் கரண்ட் இழுக்கும்வரை அந்த முழு 353-ம் கப்ளிங் கெபாசிட்டர் தலையில்தான். 630 வோல்ட் ஃபிலிம் போடுங்கள், குறைத்துப் போடாதீர்கள்.

ஹம்வேட்டை:
கெபாசிட்டர் கசிஞ்சது சரி. ஆனா அது நல்லா இருந்திருந்தாலும் உங்க கணக்கு இடிக்குதே? 14 வோல்ட், 270 ஓம், 52 மில்லி ஆம்ப். ஸ்கிரீனுக்கு 4 போச்சுன்னா 48. அதை 271-ஆல பெருக்குங்க, 13 வாட். டேட்டாஷீட்ல 250 வோல்ட்டுக்கு எழுதினதை 285-க்கு அப்படியே ஒட்டினா இதான் வரும். கேத்தோடுல 330 ஓம் போடுங்க. சத்தம் எவ்வளவு குறையும்னு கேக்காதீங்க, காதுக்குத் தெரியாது.

இரும்புக்கோர்:
கெபாசிட்டர், ரெசிஸ்டர் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடலாம். இரும்பில், அதாவது டிரான்ஸ்ஃபார்மரில், தப்பு செய்தால்தான் வலி. பொது அறிவிப்பு ஸ்பீக்கர்களில் வரும் 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மரை, வால்வை ஸ்பீக்கரோடு இணைக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மராகப் போடலாம் என்று ஒரு யோசனை எங்கும் சுற்றுகிறது. கணக்கு அழகாகவே வரும்: 2 வாட் டேப் (அந்த அளவுக்கான கம்பி முனை) என்றால் 100-ஐ 100-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் 5000 ஓம், 6வி6-க்கு அளவெடுத்துத் தைத்தது போல.

அப்படிப் போட்ட ஆம்ப்பின் வெளியீட்டை ஸ்கோப்பில் பார்த்தது இன்னும் மறக்கவில்லை. 1000 ஹெர்ட்ஸில் சுத்தமான அலை. 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கியதும் ஒரு பக்கம் மட்டும் உள்ளே குழிந்து, யாரோ கட்டை விரலால் அழுத்தியது போல ஆனது. வால்யூமைக் குறைத்தாலும் குழி முழுசாகப் போகவில்லை.

காரணம் ஏர் கேப், அதாவது கோரில் விடும் சிறு இடைவெளி, இல்லாததுதான். சிங்கிள் எண்டடில் 45 மில்லி ஆம்ப் டிசி எந்நேரமும் பிரைமரியில் (வால்வுப் பக்கச் சுருள்) ஒரே திசையில் ஓடுகிறது. லைன் டிரான்ஸ்ஃபார்மரிலும், இரண்டு வால்வு எதிரெதிராக வேலை செய்யும் புஷ்புல் ஆம்ப்பின் டிரான்ஸ்ஃபார்மரிலும் தகடுகள் மாறி மாறிக் கோத்திருக்கும், இடைவெளி கிடையாது. அந்த டிசியே கோரை நிரப்பிவிடுகிறது, பாஸ் ஒலிக்கு இடமே மிச்சமில்லை. தகடுகளைப் பிரித்து, ஆங்கில எழுத்து வடிவில் உள்ள ‘ஈ’ எல்லாம் ஒரு பக்கம், ‘ஐ’ எல்லாம் மறுபக்கம் அடுக்கி, நடுவே மெல்லிய காகிதம் வைத்து இறுக்கினால் ஓரளவு தேறும். வார்னிஷில் ஊறிய கோர் என்றால் பிரிக்கும்போதே தகடு வளைந்துவிடும், விட்டுவிடுங்கள்.

கையில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மரின் விகிதம் தெரியவில்லை என்றால் ஸ்பீக்கர் பக்கம் 6.3 வோல்ட் ஏசி கொடுத்து மறுபக்கம் அளந்து பாருங்கள்.

ஒற்றைக்கை:
கடைசி வரியை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாது. 5000-க்கு 8 ஓம் என்றால் சுற்று விகிதம் 25. 6.3 கொடுத்தால் மறுபக்கம் 157 வோல்ட், அதுவும் மேஜையில் திறந்து கிடக்கும் இரண்டு கம்பி முனைகளில்! சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 1 வோல்ட் கொடுங்கள், 25 வரும், கணக்கு அதேதான்.

நான் எழுத வந்தது வேறு. ஆம்ப்பை அணைத்து வெகுநேரம் ஆகியிருந்தது. வால்வுகள் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. சப்ளை டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டரில் மீட்டரை வைத்தால் 310 வோல்ட். வால்வு இல்லையென்றால் அந்தச் சார்ஜ் இறங்க வழியே இல்லை என்பது அந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் உறைக்கும்.

ஆகவே, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். முதல் ஃபில்டருக்குக் குறுக்கே 220 கே, 2 வாட் பிளீடர் (சார்ஜை இறக்கும் ரெசிஸ்டர்) போடுங்கள். 350 வோல்ட்டில் அதில் எரிவது அரை வாட்டுக்குச் சற்று மேல்தான். ஆனால் கால் வாட் ரெசிஸ்டர் பெரும்பாலும் 250 வோல்ட்டுக்குத்தான் தாங்கும், அதனால்தான் 2 வாட். 100 மைக்ரோஃபேரட் என்றால் 22 நொடிக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். இரண்டு நிமிஷம் காத்திருந்தால் 2 வோல்ட்டுக்குள் வந்துவிடும். காத்திருந்த பிறகும் அளந்து பாருங்கள், பிளீடர் கழன்றிருக்கலாம். ஒரு கை சட்டைப்பையில் இருக்கட்டும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யாதீர்கள். முதல் தடவை பவர் கொடுக்கும்போது மெயின்ஸ் வயரில் தொடராக 60 வாட் இழை பல்பு வையுங்கள், எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஸ்பீக்கரோ 8 ஓம் 10 வாட் ரெசிஸ்டரோ இல்லாமல் சிக்னல் கொடுக்கவே கூடாது. லோடு இல்லாத பிரைமரியில் எழும் வோல்டேஜ் சாக்கெட்டின் பின்களுக்கு நடுவே பொறியாகப் பாயும். இஎல்84 என்ற இன்னொரு பவர் வால்வில் கட்டுகிறவர்கள் 1, 6, 8 பின்களைக் காலி என்று நினைத்து வயர் முடிச்சு போடாதீர்கள், அவை உள்ளே எதனோடாவது சேர்ந்திருக்கலாம்.

ஹம்வேட்டை:
இவ்வளவு எழுதினவர் ஹம் (மின்சார ரீங்காரம்) பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே. சாசியில (ஆம்ப் கட்டற தகட்டுப் பெட்டி) ஓட்டை போடறதுக்கு முன்னாடி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரோட செகண்டரியில ஹெட்ஃபோனை மாட்டுங்க. பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுங்க, அதோட செகண்டரி முனைகளை எல்லாம் டேப் சுத்தி மூடிட்டு. இப்ப அவுட்புட்டை மெதுவாத் திருப்பிக்கிட்டே வாங்க. ஒரு கோணத்துல ஹம் சட்டுனு அடங்கும் பாருங்க, இருந்த இடம் தெரியாது. பென்சிலால அங்கேயே கோடு போட்டுக்கோங்க. இரும்புச் சாசின்னா அதே தகட்டு மேல வச்சுத்தான் பார்க்கணும், காந்தப்புலம் தகடு வழியாவும் வரும்.

அப்புறம் சோக், அதாவது சப்ளையில தொடரா போடற இரும்புக்கோர் சுருள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துல ஃபுல்வேவ் ரெக்டிஃபையரோட ரிப்பிள் (டிசியில மிச்சமிருக்கற ஏசி அலை) 100 ஹெர்ட்ஸ். 220 ஓமும் 47 மைக்ரோவும் அதை ஆறரை மடங்கு குறைக்கும். அதே 47-க்கு முன்னால 10 ஹென்றி சோக் போட்டா 180 மடங்குக்கு மேல. புஷ்புல்ல ரெண்டு பக்கத்து ரிப்பிளும் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும், இங்க அது கிடையாது. 6வி6-ல ஸ்கிரீன் சப்ளையைச் சுத்தம் பண்ணினாலே பெரும்பகுதி போயிடும். ஸ்கிரீனே இல்லாத 2ஏ3 வால்வுல கட்டறவங்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அதோட உள் ரெசிஸ்டன்ஸ் 800 ஓம், லோடு 2500. சப்ளை ரிப்பிள்ல முக்கால்வாசி நேரா டிரான்ஸ்ஃபார்மர்ல இறங்கும்.

சுடுகம்பி:
330 போட்டாயிற்று. கேத்தோடு 15.5 வோல்ட், 47 மில்லி ஆம்ப், ஸ்கிரீன் போக 43. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 271. ஆக 11.7 வாட். ஹம்வேட்டை சொன்னது சரிதான். ஆனால் முதலில் சிவந்தது கெபாசிட்டரால்தான், அதில் மாற்றமில்லை.

ஒன்று மட்டும் இன்னும் இடிக்கிறது. புது 630 வோல்ட் கெபாசிட்டரோடு வேறு வால்வு போட்டால் கிரிட்டில் பூஜ்யம், அரை மணி நேரம் ஆனாலும் பூஜ்யம். அந்தச் சிவந்த வால்வைத் திரும்பப் போட்டால் இருபது நிமிஷத்தில் பிளஸ் 0.8, மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே தகடு காய்ந்தபோது வாயு கிளம்பியிருக்க வேண்டும். கிரிட் லீக்கை 220 கே ஆக்கினால் 0.4-இல் நிற்கிறது. அதை வைத்து ஓட்டலாமா என்றால், வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது.