ஷெல்டர் நாய்க்குட்டியைத் தற்காலிகமா வெச்சுக்க: சின்ன போர்ஷன்ல முதல் 14 நாள்

மாடிவீடு:
பழைய வண்ணாரப்பேட்டையில ஹால், கிச்சன், பாத்ரூம் மட்டும் உள்ள மாடி போர்ஷன். 45 நாள் நாட்டு நாய்க்குட்டி ரெண்டு, நிரந்தரமா வீடு அமையற வரைக்கும் எங்ககிட்ட இருக்கப் போகுது. ஒரு தடுப்பூசி போட்டாச்சாம். கீழ் போர்ஷன்ல ஒரு நாய் இருக்கு, மாடிப்படி பொது. எங்கே வைக்கலாம், எதால கழுவணும், எப்போ மொட்டை மாடியில விடலாம்?

கல்மண்டபம்:
14 நாள் ஹாலை விட்டு வெளியே விடாதீங்க. பார்வோ (குட்டிகளுக்கு வாந்தி, ரத்தப் பேதி வரவழைச்சு உயிரையே எடுக்கற வைரஸ்) ஒட்டிக்கிட்டு வந்திருந்தா பெரும்பாலும் அதுக்குள்ள தெரிஞ்சுடும். ஒரு ஊசியை நம்ப முடியாது. தாய் கிட்டேருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இந்த வயசுல கொஞ்சம் மிச்சம் இருக்கும். நோயைத் தடுக்க அது பத்தாது, ஆனா ஊசி வேலை செய்யறதைக் கெடுத்துடும். அதனாலதான் 3-4 வாரத்துக்கு ஒண்ணா 16 வாரம் வரைக்கும் போடறாங்க. கடைசி ஊசிக்கு அப்புறம்தான் பொதுப் படியும் மொட்டை மாடியும். அதுவரை டாக்டர்கிட்ட போனாலும் கூடையிலேயே இருக்கட்டும், ஆஸ்பத்திரித் தரையில இறக்காதீங்க.

ஹால் மூலையில ரெண்டரை அடி உயரப் பலகை தடுப்பு போதும். பாய் வேண்டாம். பழைய நைட்டித் துணியும் நியூஸ் பேப்பரும்தான், அழுக்கானா தூக்கிப் போட்டுடலாம்.

ஃபினாயிலுக்கும் டெட்டாலுக்கும் பார்வோ சாகாது, வாசனை மட்டும்தான் மிச்சம். பிளீச்சிங் பவுடர் 1 லிட்டர் தண்ணிக்கு 5-6 கிராம், அதாவது குவிச்ச ஒரு டீஸ்பூன். முதல்ல மலம், மூத்திரத்தை வழிச்சு சோப்புத் தண்ணியில கழுவணும். அழுக்கு இருந்தா குளோரின் அதுலயே தீர்ந்துடும். அப்புறம் பிளீச்சிங் தண்ணியை ஊத்தி 10 நிமிஷம் தரை ஈரமாவே இருக்கணும். பிறகு நல்ல தண்ணியில அலசி, காய்ஞ்சதும் குட்டியை விடுங்க. தினமும் புதுசா கலக்கணும். கட்டி தட்டி, நெடி போன பாக்கெட் வீண். பாத்ரூம் ஆசிட்டோட மட்டும் கலந்துடாதீங்க, விஷ வாயு கிளம்பும். தடுப்புக்குள்ள போக தனிச் செருப்பு. கீழ்வீட்டு நாய்க்கு வருஷ ஊசி பாக்கி இருந்தா இப்பவே போடச் சொல்லுங்க.

டோல்கேட்:
சாப்பாடு பத்தி. முதல் மூணு நாள் ஷெல்டர்ல போட்டதையே போடுங்க. திடீர்னு மாத்தினா பேதியாகும், அது பார்வோவா சாப்பாட்டுக் கோளாறான்னு குழம்பிடுவீங்க. பசும்பால் வேண்டவே வேண்டாம். ஒரு நாளைக்கு நாலு வேளை, தனித்தனித் தட்டு. தினமும் ஒரே நேரத்துல எடை பாருங்க: ஏறாம நின்னாலே கவனிக்கணும்.

பூச்சி மருந்து எடைக்குத் தக்க, ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை. மறுநாள் மலத்துல சேமியா மாதிரி வெள்ளையா வந்தா பயப்படாதீங்க, மருந்து வேலை செய்யுது. அதைக் கையால தொடாம எடுத்து, கையை சோப்பு போட்டுக் கழுவுங்க. அந்தப் புழுவோட முட்டை குழந்தைங்களுக்கும் ஆகாது.

சாப்பாட்டுக்கு ஓடி வர்ற குட்டி மூலையில சுருண்டுக்கிச்சுன்னா அதுவே முதல் அறிகுறி. வாந்தி, ரத்தம் கலந்த நாத்தப் பேதி அப்புறம்தான் வரும். ஓ.ஆர்.எஸ். ஊத்திக்கிட்டு ராத்திரியைக் கடத்தாதீங்க, வாந்தி எடுக்கிற குட்டிக்கு டிரிப்தான் உயிர். இங்கேருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம்தான்.

பல்லோ நகமோ பட்டா ஓடற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ரேபிஸ் (வெறிநாய்க்கடி) ஊசிக்கு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. அந்தக் குட்டியை 10 நாள் கண்காணிக்கணும், அதுக்குள்ள யாருக்கும் கொடுக்கக் கூடாது.

மாடிவீடு:
ரொம்ப நன்றி. ஒர்க் ஷாப் வெச்சிருக்கிறவர் ஒருத்தர் ஒரு குட்டியை இப்பவே கேக்கறார். கொடுக்கலாமா?

கல்மண்டபம்:
14 நாள் முடியட்டும். முடிவு ஷெல்டரோடது, அவங்க ஒப்பந்தத்துல அவர் கையெழுத்து போடணும். ராத்திரி எங்கே கட்டுவார்னு கேளுங்க. "ஷெட்ல சங்கிலி"ன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, கழிவு ஆயிலை நக்கியே குட்டி படுத்துடும். வீட்டுக்குள்ள வளர்க்கறவர்னா நேர்ல போய் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைப் பாருங்க, குட்டித் தலை நுழையற சந்து இருக்கும். மீதி ஊசித் தேதிகளையும், மூணு மாசத்துல போட வேண்டிய ரேபிஸ் ஊசியையும் அட்டையில எழுதி அவர் கையில கொடுங்க. கருத்தடைத் தேதியையும் அதுலயே குறிச்சுடுங்க.