ஆர்பிசி வழியே வெளிச் செருகுநிரலை அழைத்தால் விக்கிப் பக்கம் 60 நொடி நின்றுவிடுகிறது

கேள்வி

வணக்கம். பிஎச்பியில் எழுதப்பட்ட எங்கள் விக்கி மென்பொருளின் மூலநிரலைத் தொடாமல், தனியே ஓடும் பைத்தான் செருகுநிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். பக்கத்தில் குறிப்பிட்ட குறி வந்தால் விக்கி எக்ஸ்எம்எல்-ஆர்பிசி (ஒரு நிரல் மற்றொரு நிரலின் செயற்கூற்றை வலையமைப்பு வழியே அழைக்கும் முறை) வழியே என் நிரலை அழைக்கும். என் நிரல் அதே பக்கத்தின் மூல உரையை விக்கியிடமே கேட்டு வாங்கி, தலைப்புகளைத் தொகுத்துத் திருப்பி அனுப்பும். ஆனால் பக்கம் சரியாக 60 நொடி நின்ற பின்னரே, குறி இருந்த இடம் வெறுமையாகத் திறக்கிறது. பிஎச்பியின் ஓட்ட நேர வரம்பை 30 நொடியாக வைத்திருந்தும் அது குறுக்கிடவில்லை.

மறுமொழி 1

தீயரணையும் டிஎன்எஸ்ஸையும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேட்டவர்

பார்த்துவிட்டேன். முனையத்திலிருந்து கர்ல் என்னும் கட்டளை கொண்டு அழைத்தால் பக்க உரை உடனே வருகிறது. செருகுநிரலின் பதிவேட்டில் மட்டும் இப்படி இருக்கிறது:

10:42:07 பக்க உரை கேட்கப்பட்டது
10:43:07 பக்க உரை வந்தது

மறுமொழி 2

உரை வராமல் போகவில்லை, விக்கி காத்திருப்பைக் கைவிட்ட நொடியில் வந்திருக்கிறது என்பதே துப்பு. வாசகரின் குக்கியை (அவர் யார் என விக்கிக்குக் காட்டும் சிறு தரவு) உங்கள் நிரல் விக்கிக்குத் திருப்பி அனுப்புகிறதா?

கேட்டவர்

ஆம், வாசகருக்கு உரிமையுள்ள பக்கத்தை மட்டுமே படிக்க வேண்டும் என்பதற்காக அனுப்புகிறேன்.

மறுமொழி 2

அப்படியானால் இது அமர்வுப் பூட்டு. பிஎச்பி அமர்வை (குக்கியைக் கொண்டு அடையாளம் காணும் வாசகரின் தரவு) கோப்பில் வைக்கும்போது, ஒரு கோரிக்கை முடியும் வரை அதே அமர்வின் அடுத்த கோரிக்கையை உள்ளே விடாது. உங்கள் நிரலுக்காக விக்கியும், அந்த விக்கியின் பூட்டுக்காக உங்கள் நிரலும் காத்திருக்கின்றன. 60 நொடி என்பது பிஎச்பி சாக்கெட்டின் (வலையமைப்புத் தொடர்பு) இயல்பான காத்திருப்பு வரம்பு. விண்டோஸ் அல்லாத இயங்குதளங்களில் இப்படிக் காத்திருக்கும் நேரம் ஓட்ட நேரக் கணக்கில் சேராததால்தான் உங்கள் 30 நொடி வரம்பு வாளாவிருந்தது. செருகுநிரலை அழைக்குமுன் 'செஷன் ரைட் குளோஸ்' செயற்கூற்றை இயக்கினால் பூட்டு விலகும்.

கேட்டவர்

விலகியது, நன்றி. இருப்பினும் பலர் ஒரே நேரத்தில் திறந்தால் மீண்டும் நிற்கிறது.

மறுமொழி 2

பிஎச்பியை இயக்கும் எஃப்பிஎம்மின் இயல்பு அமைப்பில் வொர்க்கர்கள் (ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கையாளும் செயல்முறைகள்) 5 மட்டுமே. ஐந்து பக்கங்கள் ஐந்தையும் பிடித்துக்கொண்டால், உங்கள் நிரலின் எதிர் அழைப்பை ஏற்க ஆளில்லை. எண்ணிக்கையைக் கூட்டுவது சிக்கலைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது. பக்க உரை விக்கியின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அழைக்கும்போதே அதை அளபுருவாக அனுப்பிவிடுங்கள். பேஸ்64 வகையில் (எந்தத் தரவையும் எளிய எழுத்துகளாக மாற்றும் முறை) அனுப்புவது நல்லது, ஏனெனில் யாரோ ஒட்டிய கட்டுப்பாட்டு எழுத்து ஒன்று இருந்தாலும் எக்ஸ்எம்எல் உடைந்துவிடும் (நான் ஒரு நாள் முழுக்க அதைத் தேடியிருக்கிறேன்).

கேட்டவர்

மாற்றிவிட்டேன். பைத்தான் பக்கத்தில் அது சரமாக வராமல் பைனரி பொருளாக வந்ததால், அதன் டேட்டா பண்பை எடுத்து யுடிஎஃப்-8 எனப் பிரிக்க வேண்டியிருந்தது. எதிர் அழைப்பே இல்லாததால் குக்கி அனுப்பும் வரிகளையும் நீக்கிவிட்டேன். இருபது பக்கங்களை ஒருசேரத் திறந்தும் எதுவும் நிற்கவில்லை.